கரண்ட் இல்லாமல் கிருமி போகுமா?
வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே இந்தக் கேள்வி-பதில் பகுதிக்குத் தண்ணீர்க் கேள்விகள் கூடிவிடும். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி பார்ப்பதுதான் என் பணி. அங்கே கற்றதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். மின்சாரமும் வேண்டாம், செலவும் அதிகம் ஆகக் கூடாது, ஆனால் குடிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கக் கூடாது என்று கேட்டவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன்.

மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. ஆர்.ஓ. மெஷின் சுவரில் சும்மா தொங்கியது. காய்ச்சிக் காய்ச்சி கேஸும் தீர்ந்துபோனது. கடையில் பீங்கான் கேண்டில் வைத்த எவர்சில்வர் ஃபில்டரைக் காட்டுகிறார்கள். அது போதுமா?
– வாசகி, பள்ளிக்கரணை

வாங்குங்கள் அம்மா. ஆனால் அது எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேண்டில் என்பது நுண்துளை நிறைந்த சுட்ட மண். தண்ணீர் தன் எடையாலேயே அதில் கசிந்து கீழே இறங்குகிறது. துளையைவிடப் பெரியவை மேலேயே நின்றுவிடுகின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு மைக்ரான் என்கிறோம். அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளின் கூடுகள் பல மைக்ரான் பருமன் உள்ளவை. சுமாரான கேண்டில்கூட அவற்றைப் பிடித்துவிடும். டைபாய்டு, காலரா பாக்டீரியாக்கள் அரை மைக்ரான் தடிமன்தான். துளை மிக நுண்ணியதாக இருக்கும் கேண்டில்தான் அவற்றை நிறுத்தும். மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களோ ஒரு மைக்ரானில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். அவை கேண்டிலைத் தாண்டிக் கீழே போய்விடும்.

அதனால் கடையில் முதலில் பார்க்கவேண்டியது பெட்டியின் மேல் துளை அளவு போட்டிருக்கிறதா என்பதை. 0.2, 0.5 மைக்ரான் என்று போட்டிருந்தால் நல்லது. ஒன்றுமே போடாத சாதா வெள்ளைக் கேண்டில் கலங்கலை எடுக்கும் என்று மட்டும் நம்புங்கள். வெள்ளி சேர்த்த கேண்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். மண்ணுக்குள் சிக்கிய பாக்டீரியா அங்கேயே பெருகாமல் வெள்ளி அடக்கிவைக்கும்.

இன்னொன்றை எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். கேண்டில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது உட்காரும் ஓட்டையில் ரப்பர் வாஷர் சரியாகப் பிடிக்காவிட்டால் அழுக்குத் தண்ணீர் சுற்றுவழியாக இறங்கிவிடும். பரிசோதனைக்கு வந்த ஃபில்டர் தண்ணீர் பலவற்றில் கோளாறு கேண்டிலில் இருக்காது, வாஷரில்தான் இருக்கும். நட்டைக் கையால் இறுக்கிய பிறகு, கேண்டிலின் தலை நனையாத அளவுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கம் ஓட்டையைச் சுற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். பல வாரம் மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது ஒருநாள் கழுவாமலே வேகமாக இறங்கத் தொடங்கினால் சந்தோஷப்படாதீர்கள். வாஷர் நழுவியிருக்கும், இல்லை கேண்டிலில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். விரிசலைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கேண்டிலை நன்றாக நனைத்து, தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்து, அதன் காம்பு வழியாக ஒரு குழாய் வைத்து மெல்ல ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி கோடாகக் கிளம்பினால் அங்கேதான் விரிசல். அந்தக் கேண்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது.

வைரஸுக்கு என்ன செய்வது? கீழே இறங்கிய தண்ணீரில் குளோரின் மாத்திரை போடுங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது பட்டையிலேயே இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக் கணக்கை வைத்துப் போடவேண்டாம். போட்டு அரைமணி நேரம் மூடிவையுங்கள். கேண்டில் வழியாக வந்த தெளிந்த தண்ணீரில் குளோரின் முழு வேகத்தோடு வேலை செய்யும். கலங்கலில் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும். கைக்குழந்தையோ, சிகிச்சையில் இருக்கும் பலவீனமானவரோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு மட்டுமாவது காய்ச்சுங்கள். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைத்துத்தான் உங்கள் கேஸ் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெள்ளத் தண்ணீர் சம்ப்புக்குள் புகுந்திருந்தால் அதைக் கேண்டிலில் ஊற்றவே வேண்டாம். தெருவில் நின்ற வண்டிகளின் பெட்ரோல், ஆயில், பூச்சிமருந்து எல்லாம் அதில் இருக்கும். மண்ணோ குளோரினோ அதை எடுக்காது. சம்ப்பை இறைத்துக் கழுவித்தான் ஆகவேண்டும்.

நான் கல்லூரி மாணவன். உமிச்சாம்பலை வைத்து மலிவான ஃபில்டர் செய்வது என் புராஜெக்ட். உமிச்சாம்பல் கிருமியைக் கொல்லும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவர், தாம்பரம்

தம்பி, நல்ல பொருளைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். செங்குன்றம் பக்கம் போனால் அரிசி ஆலைகளின் பாய்லரிலிருந்து வரும் சாம்பலைத் தள்ள இடமில்லாமல் இருப்பார்கள். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, உள்ளே எங்கும் துளை. கலங்கலைப் பிடிக்கும், கொஞ்சம் நிறத்தையும் வாசனையையும் பிடிக்கும், ஒரு பகுதி பாக்டீரியாவையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொல்லாது. பிடித்து வைத்துக்கொள்வது வேறு, கொல்வது வேறு. உங்கள் புராஜெக்ட் அறிக்கையில் இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

புனேயில் இருக்கும் டாடா ஆராய்ச்சி மையத்தில் இதே உமிச்சாம்பலைச் சிமெண்டோடு சேர்த்து 'சுஜல்' என்று முதலில் ஒரு ஃபில்டர் செய்தார்கள். பிறகு சாம்பலின் மேல் வெள்ளியின் நானோ துகள்களை ஏற்றினார்கள். அதுதான் 2009 டிசம்பரில் 'டாடா ஸ்வச்' என்று சந்தைக்கு வந்தது. ஆயிரம் ரூபாய்க்குள், கரண்ட் இல்லாமல், ஒரு ஃபில்டர் கார்ட்ரிட்ஜில் 3,000 லிட்டர் என்று விற்றார்கள். கொல்லும் வேலையை அங்கே செய்தது வெள்ளி. சாம்பல் அந்த வெள்ளிக்கு உட்கார இடம் கொடுத்தது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கிண்டி ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு இதை இன்னும் ஆழமாகப் பார்த்தது. நண்டு, இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானையும் அலுமினியச் சேர்மம் ஒன்றையும் சேர்த்த கூண்டுக்குள் வெள்ளி நானோ துகள்களைப் பொதிந்தார்கள். அதிலிருந்து வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட காலத்துக்குக் கசியும். 2013-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே குழு தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கை எடுக்கச் செய்த 'அம்ரித்' என்ற பொருளும் கரண்ட் இல்லாமல் வேலை செய்வதுதான். நீங்கள் படிக்கவேண்டியது இந்த வகை வேலையை. வெள்ளியை எப்படி ஒட்டுவது என்பதைவிட, தண்ணீருக்குள் அது எந்த அளவில், எவ்வளவு நாள் போகும் என்பதுதான் கடினமான கேள்வி. குறைந்தால் கிருமி சாகாது. தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவிடக் கூடாது.

சென்னைக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. நம் கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகி அதன் வேகத்தைக் குறைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் அழகாக முடிவு தந்த வெள்ளி ஃபில்டர், திருவான்மியூர் போர் தண்ணீரில் சோர்ந்துபோகலாம். அதனால் நீங்கள் இரண்டு தண்ணீரிலும் செய்து பாருங்கள்: ஒன்று மெட்ரோ வாட்டர், அதில் குளோரின் போகும்வரை திறந்துவைத்தது, இன்னொன்று உப்பு போர். வெள்ளி இல்லாத சாம்பல், வெள்ளி உள்ள சாம்பல், வெறும் மணல் என்று மூன்றையும் ஒரே நாளில் ஒரே தண்ணீரில் ஓட்டுங்கள். முதல் குடம் நன்றாகத்தான் வரும். நூறாவது குடத்தில் என்ன வருகிறது என்று பார்க்கிறவர் குறைவு, நீங்கள் பாருங்கள். வெள்ளி ஏற்றும் வேலையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்யவேண்டும். அப்படிச் செய்த தண்ணீரை யாரும் குடிக்கவும் கூடாது.

கூழாங்கல், மணல், அடுப்புக்கரி என்று பானைகளை அடுக்கி வடிகட்டுவது எங்கள் கிராமத்து வழக்கம். பேரன் பள்ளிக் கண்காட்சிக்கும் பக்கெட்டில் அதையே செய்தான். சேற்றுத் தண்ணீர் கண்ணாடி போல வந்தது. அதைக் குடிக்கலாமா?
– வாசகர், அயனாவரம்

குடிக்கவேண்டாம் ஐயா. பேரனைப் பாராட்டுங்கள், ஆனால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சேறு போனது கண்ணுக்குத் தெரிகிறது, கிருமி போகாதது தெரியவில்லை.

இதனால் மணலைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் தண்ணீர் நிலையம் இருக்கிறதே, அங்கே நடந்ததைக் கேளுங்கள். 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து வடிகட்டப்படாமலே ஊருக்குள் போனது. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1914-ல்தான் அங்கே மெதுமணல் வடிகட்டிகள் வேலைக்கு வந்தன. ஜெர்மனியில் 1892-ல் காலரா பரவியபோது எல்பே ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்த ஹாம்பர்க் நகரில் 8,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே தண்ணீர் எடுத்த பக்கத்து ஊர் அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. அல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது.

அந்த மணல் எப்படிக் கிருமியைப் பிடித்தது? மணலின் மேல்தோலில் சில வாரங்களில் ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் படரும். தண்ணீரில் வரும் நோய்க்கிருமியை அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சிக்கவைத்துத் தின்றுவிடும். வேலையே அந்தப் படலத்தில்தான். பேரனின் பக்கெட்டில் அது வளர நேரம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மணலைக் கழுவிக் காயவைத்திருப்பான்; படலம் இருந்தாலும் செத்திருக்கும்.

வீட்டளவில் இதைச் செய்ய கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் 1990-களில் ஒரு வழி கண்டார். வெளியேறும் குழாயை மணல் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால், ஊற்றாத நேரத்திலும் மணலின் மேல் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், படலம் காயாது. இதைச் செய்ய விரும்பினால் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும், முதல் மாதம் வரும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும், குளோரின் வாசனை அடிக்கும் தண்ணீரை அதில் ஊற்றவே கூடாது. மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்கு அது சரிப்படாது. ஊரில் கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எடுப்பவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கும் முடிவில் குளோரின் உண்டு.

அப்புறம் அந்த அடுப்புக்கரி. கரி வாசனையை எடுக்கும், நிறத்தை எடுக்கும், குளோரினையும் எடுத்துவிடும். கிருமியைக் கொல்லாது. பழைய கரியில் பாக்டீரியா குடியேறும். குளோரின் போட்ட தண்ணீரைக் கடைசியாகக் கரியில் விட்டுச் சேமித்துவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வரிசை. காவலைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போல ஆகிவிடும்.

செம்புப் பாத்திரம்?
– வாசகி, மயிலாப்பூர்

உதவும். பெங்களூரில் செய்த ஆய்வில், செம்புக் குடத்தில் பதினாறு மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, டைபாய்டு, ஈ.கோலை பாக்டீரியாக்கள் வளரவில்லை. காலையில் ஊற்றி மதியம் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. முதல் நாள் மாலையே ஊற்றி வையுங்கள். புளி, எலுமிச்சை, மோர் எதுவும் அதில் வேண்டாம். வைரஸ் விஷயத்தில் செம்பை நம்பி இருக்காதீர்கள்.

என் மாமியார் தண்ணீரைப் பழைய புடவைத் துணியில்தான் வடிகட்டுவார். ஊரிலிருந்து முருங்கை விதையும் தேற்றாங்கொட்டையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இவற்றுக்கு ஏதாவது பலன் உண்டா?
– வாசகி, வியாசர்பாடி

உண்டு. மாமியாரின் துணிக்கு ஆதாரமே இருக்கிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, நாலு மடிப்பாக மடித்த பழைய பருத்திப் புடவையில் குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்தது. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் அறிவித்தார்கள். காலராக் கிருமி அந்தத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. துணி பூச்சியைப் பிடிக்கும்போது கிருமியும் மாட்டிக்கொள்கிறது. பலமுறை துவைத்த புடவையில் நூல் பிரிந்து இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் புதுத்துணியைவிடப் பழையதே நல்லது. ஆனால் சென்னையில் நம் பிரச்சினை பெரும்பாலும் குழாயில் கலக்கும் சாக்கடை. அதில் தனியாக மிதக்கும் கிருமி புடவையில் நிற்காது. துணி முதல் படி, அதோடு முடித்துவிடாதீர்கள். வடிகட்டியதும் துணியை அலசி வெயிலில் காயவைக்கவேண்டும்.

தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தால் மண் அடியில் தங்கும். முருங்கை விதை அதைவிட ஒரு படி மேல். அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் துகளையும் பாக்டீரியாவையும் சேர்த்துத் திரட்டிக் கீழே இறக்கும். பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விடும், முழுக்கப் போகாது. தோலுரித்த விதையைப் பொடித்து, நன்றாகக் கலங்கிய தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு விதை என்று கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக் காய்ச்சுங்கள். அதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. விதையின் மற்றச் சத்துகள் தண்ணீரில் கரைந்து நிற்பதால் தப்பித்த பாக்டீரியா அதைத் தின்று பெருகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒன்றில் இதற்கு வழி தேடி, புரதத்தை மணலின் மேல் ஒட்டவைத்து மீதிச் சத்தைக் கழுவிவிட்டார்கள். அந்த மணலே கிருமியைக் கொல்லும் என்று காட்டினார்கள். முருங்கை விளையாத தெரு நம் ஊரில் எங்கே இருக்கிறது? இதை நம் கல்லூரிகள் கையில் எடுத்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

மொட்டைமாடியில் பாட்டில் தண்ணீரை வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்கிறார்கள். கேன் தண்ணீரை அப்படியே வைக்கலாமா?
– வாசகர், எண்ணூர்

வெயிலில் வைப்பது சரியான முறைதான். கேனில் செய்யக் கூடாது. கேனின் பிளாஸ்டிக் புறஊதாக் கதிரை உள்ளே விடாது, இருபது லிட்டர் ஆழத்துக்குள் அது எட்டவும் எட்டாது. நிறமில்லாத, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேல் போகாத பெட் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, படுக்கவைத்து, முழு வெயிலில் ஆறு மணி நேரம். வானம் பாதிக்குமேல் மூடியிருந்தால் இரண்டு நாள். தொடர்ந்து மழை பெய்தால் இந்த முறையை விட்டுவிட வேண்டியதுதான். நமக்கு அதிகம் தேவைப்படும் நவம்பர், டிசம்பரில்தான் இது கைகொடுக்காது. கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேண்டில் ஃபில்டர் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சின்னவனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஃபில்டர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

முதலில் குழந்தை. வயிற்றுப்போக்கு தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள், அடிக்கடி வருவதால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

ஃபில்டரைப் பொறுத்தவரை, கீழ்ப் பாத்திரத்தை எப்போது தேய்த்தீர்கள்? பலர் கேண்டிலை வாராவாரம் தேய்ப்பார்கள், கீழ்ப் பாத்திரத்தைத் தொடவே மாட்டார்கள். சுத்தமான தண்ணீர்தானே இறங்குகிறது என்ற எண்ணம். குழாயின் உள்வளைவில் வழவழவென்று பிடித்திருக்கும். கீழ்ப் பாத்திரத்தையும் குழாயையும் சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிநீர் விட்டு அலசுங்கள். கேண்டிலுக்கு மட்டும் சோப்பு ஆகாது, துளைக்குள் போய்விடும். ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷ் போதும். தேய்த்துத் தேய்த்துச் சுவர் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து டம்ளரை முக்கி எடுக்கும் வழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், கேண்டில் செய்த வேலை முழுக்க அந்தக் கையோடு போய்விடும்.

சந்தேகம் தீர, தண்ணீரில் மலக்கலப்பு உண்டா என்று காட்டும் எச்.டூ.எஸ். சோதனைக் குப்பி வாங்குங்கள். 1982-ல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மலிவான முறை இது. மேல் தண்ணீர் ஒரு குப்பி, கீழ்க் குழாய்த் தண்ணீர் ஒரு குப்பி என்று கோடு வரை நிரப்பி, அறைச் சூட்டில் ஒன்று முதல் இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் கறுத்தால் கேண்டிலையும் வாஷரையும் பாருங்கள். மேலே கறுக்காமல் கீழே மட்டும் கறுத்தால் கோளாறு பாத்திரத்திலும் கையிலும்தான். அழுகிய முட்டை வாசனை வரும் போர் தண்ணீரில் மட்டும் இந்தச் சோதனை தவறாகக் கறுக்கலாம். கறுத்த குப்பியில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்த பிறகே கொட்டவேண்டும்.

கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசின் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே கொடுப்பதாக இருந்தால் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், கழுவிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உதவாது. குழாயின் வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பாட்டிலின் கழுத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.